சுவர் பக்கம் திருப்பிய டிவி

பாஜிலா இறந்த செய்தி சாயங்கால அஸர் பாங்கு முடிந்த கையோடு வந்தது. அப்போது நான் சலூன் நாற்காலியில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தேன். சட்டைப் பையில் அடித்த செல்போனை எடுத்து என் காதில் வைத்தவர் கடைக்காரர்தான். கம்பத்திலிருந்து ரெஹானா பேசினாள். ரெஹானா என் மனைவியின் தங்கை. "மச்சான், அக்கா மவுத்தாயிட்டா" என்றாள். நான், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். மவுத்துக்கு மேல் டாக்டர் சொல்ல என்ன இருக்கிறது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். பிறகு அழுதாள்.

கடைக்காரர் போனில் ஒட்டிய நுரையைத் துடைத்தார், பிறகு என் முகத்தைத் துடைத்தார், வெளியே போய் ஆட்டோவைக் கூப்பிட்டார். பாஜிலாவின் மய்யித்தை அன்றிரவே உத்தமபாளையத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். மறுநாள் வந்தவர்களில் பலர் என் முகத்தைப் பார்த்து, மனைவி போன துக்கத்தில் தாடி விட ஆரம்பித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். மரியாதையான தவறு என்பதால் நான் அதைத் திருத்தவில்லை. பாஜிலா இருந்திருந்தால் திருத்தியிருப்பாள், அதுவும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அவளை ஊரில் வீடியோக்காரம்மா என்பார்கள். பத்தாவது வரை படித்தவள். கேமராவைக் கையில் எடுத்தது தற்செயல்தான். 1996இல் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த அவளுடைய அண்ணன், உள்ளங்கையில் அடங்குகிற கேசட் போட்டு எடுக்கும் கேமரா ஒன்று கொண்டுவந்தார். வந்த நாள் முதல் தெருவில் போகிற ஆட்டைக்கூட விடாமல் எடுத்தார். விடுமுறை முடிவதற்குள் அலுத்துப் போய், கேமராவைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அடுத்த வருடம் ரெஹானாவுக்குக் கல்யாணம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வீடியோக்காரர் ஆண்கள் பக்கம் மட்டும்தான் எடுப்பார். நிக்காஹ் எழுதுவது, மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவது, வந்தவர்கள் வரிசையாகக் கை கொடுப்பது, பந்தியில் எலும்பு கடிப்பது. பெண்கள் பக்கத்தில் திரை. கல்யாணம் முடிந்து கேசட்டைப் போட்டுப் பார்த்தால் பொண்ணு இருக்கமாட்டாள். தன் கல்யாணக் கேசட்டில் தான் இல்லாததைப் பார்க்க எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கும்? தனக்கும் அப்படித்தான் ஆகும் என்று ரெஹானா முன்கூட்டியே அழுதாள். பாஜிலா அண்ணன் விட்டுப்போன கேமராவை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனாள். போனவள் திரும்பி வர பதின்மூன்று வருடம் ஆயிற்று என்று நான் கேலி செய்வதுண்டு.

அவளுக்கு வேலை கிடைத்தது அவள் எடுத்த படத்தின் அழகுக்காக அல்ல. ஆரம்பத்தில் பாதிப் படத்தில் தலை இருக்காது. அவள் கொடுத்த வாக்குக்காகத்தான் கூப்பிட்டார்கள். "ஆம்பளை கண்ணு படாது" என்பதுதான் அந்த வாக்கு. பெண்கள் முக்காடில்லாமல், நகை போட்டு, சிரித்து, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு இருப்பதை எடுப்பாள். அந்த டேப் எந்த ஸ்டுடியோவுக்கும் போகாது. வீட்டிலேயே கேமராவை விசிஆரோடு இணைத்து அவளே பெரிய கேசட்டுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பாள். மூல டேப் அவளுடைய பீரோவில் இருக்கும். சாவி அவள் இடுப்பில் இருக்கும்.

ஆம்பளை என்பதில் நானும் அடக்கம். இதில்தான் சங்கடம். எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை, அதனால் அது போதும் என்று இருந்துவிட்டோம். அவள் பிரதி எடுக்க உட்காரும் நேரத்தில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவேன். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன், பிஎஸ்சி. வெளியே போய் நில்லுங்கள் என்று எத்தனை நாள்தான் சொல்வாள்? கடைசியில் டிவியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டாள். டிவிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்க உட்கார்ந்து பார்ப்பாள். நான் இந்தப் பக்கம் டிவியின் முதுகைப் பார்த்துக்கொண்டு சோறு சாப்பிடுவேன்.

அப்படியே வருடக்கணக்கில் ஊர்க் கல்யாணங்களைக் காதால் பார்த்தேன். எந்த வீட்டில் பொண்ணுக்கு மருதாணி வைக்கும்போது யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்த மாமி சிரித்தால் இருமலில் முடியும், எல்லாம் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக பாஜிலாவின் அதட்டல் கேட்கும். "மாமி, கேமராவைப் பாத்து முறைக்காதீக, அது உங்க மருமக இல்ல." "ஏய் ஆத்தா, தட்டைக் கீழ வச்சுட்டுச் சிரி. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய முடியல உன்னால."

2008இல் சுபைதா வந்தாள். எங்கள் தெருவில் பிறந்து, 1999இல் கல்யாணமாகி, துபாயில் இருப்பவள். அவளுடைய அம்மா அந்த வருடம்தான் இறந்திருந்தார். அந்த அம்மா தன்னை யாரும் படம் எடுக்க விடாதவர். ஆல்பத்தில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு முந்தானையோ முதுகோதான் இருக்கும். வாக்காளர் அட்டையில் ஒரு முகம் உண்டு. அது அவருடையதா, வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவருடையதா என்று குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு. சுபைதா கல்யாணத்தில் மட்டும் பாஜிலா அவரை எடுத்திருந்தாள். அந்தப் பிரதிக் கேசட் சுபைதாவின் தம்பியிடம் இருந்தது. அவன் அதன் மேல் ஒரு கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்துவிட்டான். அதில் இந்தியா தோற்றது வேறு.

"பாஜிலாக்கா, உங்க பீரோவுல இருக்குல்ல? எனக்கு சிடில போட்டுத் தாங்க. அம்மா மூஞ்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்றாள் சுபைதா.

பீரோவைத் திறந்து பார்த்தபோது டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அது மட்டுமல்ல, பாதி டேப்புகள் அப்படித்தான் இருந்தன. எங்கள் பக்கத்துச் சாரலுக்கு ஊறுகாயே பூத்துவிடும், டேப் எம்மாத்திரம். சுபைதாவின் டேப்பை ஒரு தடவை ஓட்டலாம், இரண்டாவது தடவைக்கு அது தாங்குமா என்பது சந்தேகம். அதனால் எந்த மெஷினில் மாற்றுவது என்பதை முதலில் மற்ற டேப்புகளில் சோதித்துப் பார்த்து முடிவு செய்வது, சுபைதாவின் டேப்பைக் கடைசியில் ஒரே தடவையில் எடுப்பது என்று பாஜிலா தீர்மானித்தாள்.

பழனிசெட்டிபட்டியில் சண்முகராஜ் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பொறுமையான மனிதர். அந்தப் பொறுமை எங்களுக்கு முன்பு எப்படி இருந்ததோ, எங்களுக்குப் பிறகு கொஞ்சம் குறைந்துதான் போயிற்று.

"எதுக்குக்கா அலையுறீக? மதுரையில ஸ்டுடியோவுல குடுத்தா ரெண்டு நாள்ல டிவிடியா மாத்திக் குடுத்துருவாக. சுத்தமா இருக்கும்" என்றார்.

"அங்கன யாரு உக்காந்து பாப்பா?" என்று பாஜிலா கேட்டாள்.

"வேலை பாக்குற பசங்க."

"பசங்கன்னா?"

"பசங்கதான்க்கா."

"அடுத்ததைச் சொல்லுங்க தம்பி."

"கம்ப்யூட்டருக்குள்ள டிவி டியூனர் கார்டு ஒண்ணு போடலாம். நானே வந்து மாட்டித் தந்துருவேன்."

"மாட்டிட்டுப் போயிருவீகளா, படம் வருதான்னு பாப்பீகளா?"

"பாத்தாத்தான தெரியும்?"

"அடுத்தது."

சண்முகராஜ் என்னைப் பார்த்தார். நான் கடையின் மேற்கூரையைப் பார்த்தேன். "அக்கா, நீங்க மெஷின் வாங்க வந்தீகளா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீகளா? வர்றதை எல்லாம் தட்டிக் கழிக்கிறீக" என்றார் அவர்.

"மாப்பிள்ளையா இருந்தா இம்புட்டு விசாரிக்க மாட்டேன் தம்பி. இவுகளை விசாரிக்காமத்தான் கட்டி வச்சாக" என்று பாஜிலா என்னைக் காட்டினாள்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு பக்கம் கேமராவின் ஒயரைச் செருகி, மறுபக்கத்தைக் கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகினால் படம் உள்ளே போய்விடும். எதையும் கழற்ற வேண்டாம், யாரும் வீட்டுக்கு வர வேண்டாம். சிக்னல், ஃப்ரீக்வென்சி என்று நான் ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். அன்று எனக்குத் தெரிந்த இயற்பியல் முழுவதும் அந்தக் கடையில் செலவானது.

"பிஎஸ்சி மச்சான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் பாஜிலா. அந்தக் குரலில் நம்பிக்கை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை. தேனியில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் வாங்கினோம்.

வாங்கிய கையோடு கல்யாண மாதம் வந்தது. அவளுக்கு உட்கார நேரமில்லை. அதனால் வேலை என்னிடம் வந்தது. அதற்கும் முறை வகுத்தாள். அவள் டேப்பைக் கேமராவில் போட்டு, ஒயர் இணைத்து, மானிட்டரைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். நான் பட்டனைத் தட்டிவிட்டு, மானிட்டரின் முதுகுக்கு என் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஸ்பீக்கரில் சத்தம் வந்தால் ஓடுகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் நிறுத்த வேண்டும்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மானிட்டரைத் திருப்பினால் கேட்க ஆளில்லை. நான் திருப்பவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. திருப்பியிருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாள்.

சத்தம் அருமையாக வந்தது. வளையல் உரசுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. சண்முகராஜ் போன் செய்து விசாரித்தார்.

"பாய், படம் எப்படி வருது?"

"சத்தம் பிரமாதம்."

"படம்?"

"தெரியாது."

"ஏன், வரலையா?"

"வருதுன்னுதான் நினைக்கிறேன். நான் பாக்கல."

"பாய், படம் புடிக்கிற மெஷினை வாங்கிட்டுப் படத்தை மட்டும் பாக்கலேங்கிறீக" என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். "சரி பாய்" என்று வைத்துவிட்டார்.

ஆண்கள் பக்கம் எடுத்த டேப் ஒன்றைப் போட்டு, கண் திறந்து சோதித்திருக்கலாமே என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். நியாயம்தான். இரண்டு பேர் கொண்ட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கல்யாண மாதம் ஓய்ந்து பாஜிலா ஒரு மத்தியானம் மானிட்டருக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்தாள். பாஜிலா பேசாமல் இருப்பது நல்ல அறிகுறி இல்லை.

"மச்சான்."

"என்ன?"

"இவுகள்ல பாதிப் பேரு உசுரோட இருக்காகளே."

"அதுக்கென்ன?"

"எல்லாரும் பழைய சினிமாவுல வர்ற மாதிரி கறுப்பு வெள்ளையில வர்றாக. அதுவும் குதிச்சுக் குதிச்சு வர்றாக. பொண்ணு கட்டியிருந்தது அரக்குச் சேலை. இங்க தார் பூசுன மாதிரி இருக்கு."

ஓட்டியது எல்லாமே அப்படித்தான் இருந்தது. சண்முகராஜிடம் கேட்டதற்கு, மெஷின் அமெரிக்காவில் டிவிக்கு வைத்திருக்கும் முறையில் நிற்கிறது, நம் ஊர் முறைக்கு மாற்றி வைக்காவிட்டால் நிறம் வராது, முதல் நிமிஷம் திரையைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்றார். கடைசி வாக்கியத்தை நான் பாஜிலாவுக்குச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் போனில் அவளே கேட்டுவிட்டாள்.

"உத்தமபாளையத்துப் பொம்பளைகள் அத்தனை பேரையும் உக்காந்த இடத்துலருந்து அமெரிக்காவுக்கு அனுப்பிட்டீகளே மச்சான். அதுவும் விசா இல்லாம" என்றாள்.

இதில் ஒருவர் மட்டும் சந்தோஷப்பட்டார். ஜெய்த்தூன் மாமி தன் மகள் கல்யாணத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்த்துவிட்டு, நிறம் உள்ளதே வேண்டாம், இதில்தான் தான் அந்தக் காலத்துக் கதாநாயகி மாதிரி இருப்பதாகச் சொல்லி அதையே வாங்கிப் போய்விட்டார்.

முறையை மாற்றி வைத்துவிட்டு மற்ற டேப்புகளைத் திரும்ப ஓட்டினோம். அதில் இரண்டு, இரண்டாவது ஓட்டத்தில் பூஞ்சை தாங்காமல் அறுந்தே போயின. அறுந்த அன்று பாஜிலா சாப்பிடவில்லை. இதே தப்பு சுபைதாவின் டேப்பில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். சுபைதா வாரம் தவறாமல் துபாயிலிருந்து போன் செய்வாள்.

"அக்கா, அம்மா வந்துட்டாகளா?"

"கேசட்டுக்குள்ள பத்திரமாத் தூங்குறாக ஆத்தா. எழுப்புறதுக்கு நல்ல மெஷின் தேடிக்கிட்டு இருக்கேன். உங்க அம்மா கோபக்காரி, தப்பா எழுப்பிட்டா திரும்பப் படுத்துருவாக."

கம்ப்யூட்டரையும் என்னையும் இனி நம்ப முடியாது என்று பாஜிலா சொல்லிவிட, மறுபடியும் பழனிசெட்டிபட்டிக்குப் போனோம். இந்தத் தடவை என்னைப் பேசக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். சண்முகராஜ் நல்ல மனதோடு எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். டிஜிட்டல் கேமரா வழியாகக் கம்ப்யூட்டருக்கு ஏற்றுவதுதான் தரத்தில் முதல், ஆனால் பாஜிலா இடையில் வாங்கியிருந்த புது டிஜிட்டல் கேமராவில் படம் வெளியே போகத்தான் துளை உண்டு, உள்ளே வர வழி இல்லை. பிறகு மூலையில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். பார்க்க டிவிடி பிளேயர் மாதிரி இருந்தது. டிவிடி ரெக்கார்டராம். ஒரு பக்கம் கேமராவைச் செருகினால் மறுபக்கம் டிஸ்க்கில் பதிந்துவிடும்.

"தரம் கொஞ்சம் கம்மிதான்க்கா. வெட்டி ஒட்டுறதுக்கு வசதி இல்லை" என்று நேர்மையாகச் சொன்னார்.

"இதுக்குக் கம்ப்யூட்டர் வேணுமா தம்பி?"

"வேணாம்க்கா."

"மவுஸு?"

"வேணாம். ரிமோட் போதும்."

"இவுக?"

சண்முகராஜ் என்னைப் பார்த்துத் தயங்கினார். "பாய் தேவையில்லைக்கா" என்றார்.

"அப்ப இதுதான்."

படத்தின் தரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பஸ்ஸில் கொடுத்த வாக்கால் விழுங்கிக்கொண்டேன். இன்று யோசித்தால் அவள் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை. நானும் சண்முகராஜும் படத்தில் எத்தனை கோடு தெரியும் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் எண்ணியது, எத்தனை ஆம்பளை வேண்டும் என்று.

ரெக்கார்டர் வீட்டுக்கு வந்தது. அவளே ரிமோட்டை இரண்டு நாளில் பழகிக்கொண்டாள். நல்ல நிலையில் இருந்த டேப்புகள் ஒவ்வொன்றாக நிறத்தோடு டிஸ்க்குக்குப் போயின. எனக்கு மறுபடியும் டிவியின் முதுகும் சோறும். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, பூஞ்சை பிடித்த டேப் ஒன்றை ஓட்டினாள். மெஷின் நின்றுவிட்டது.

"மச்சான், இங்கிலீசுல என்னமோ எழுதிக் காட்டுது. எழுத்துக் கூட்டுறேன், அர்த்தம் சொல்லுங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னேன். "இது காப்புரிமை உள்ள படமாம். திருட்டுத்தனமாப் பதிவு செய்ய அனுமதி இல்லையாம்."

டிவிக்குப் பின்னாலிருந்து தலை எட்டிப் பார்த்தது. "யாரு திருடி? நானா? ராயப்பன்பட்டி ரோட்டுல இடுப்பளவு தண்ணியில கேமராவைத் தலையில வச்சுக்கிட்டுப் போயி எடுத்த கல்யாணம் இது. இது எவன் சினிமா?"

"மெஷினுக்கு அது தெரியாதுல்ல."

"தெரியாதவன் வாயை மூடிட்டு இருக்கணும்" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் நான் யாரையும் அப்படித் தட்டியதில்லை.

டேப் கெட்டுப்போய்ப் படம் ஆடும்போது, அந்த ஆட்டத்தைத் திருட்டுத் தடுப்புப் பூட்டு என்று மெஷின் நினைத்துக்கொள்கிறது என்றார் சண்முகராஜ். கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால், அது ஆடுகிற படத்தை நிமிர்த்தி அனுப்பும். அது தேனியில் இல்லை, மதுரையிலும் இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்க மாதங்கள் ஆயிற்று. இதற்கிடையில் பாஜிலாவுக்கு நெஞ்சு வலி வந்து, இருதயத்தில் அடைப்பு என்றார்கள். கேமராவைத் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னார். முதல் இரண்டுக்கு ஒத்துக்கொண்டாள்.

ஊரில் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். அவசரம் என்றால் மதுரைக்கே அனுப்பிவிடலாமே, சுபைதாவின் அம்மாவே இறந்துவிட்டார், இனி யார் பார்த்தால் என்ன என்றார் ஒரு உறவினர். பாஜிலா அவருக்கு டீ கொடுத்தாள். "அவுக மவுத்தானதுக்கும் நான் குடுத்த வாக்குக்கும் என்ன சம்பந்தம்? அதுல உங்க வீட்டம்மாவும் ஆடுறாக, தெரியுமா?" என்றாள். அவர் டீயை முழுவதும் குடிக்கவில்லை.

பெட்டி 2010 ஜூலையில் வந்தது. ஆடிக் காற்று தென்னை மட்டைகளைத் தெருவில் இழுத்துக்கொண்டிருந்த நாட்கள். சுபைதாவின் டேப்பைப் பாஜிலா திறந்து, சக்கரத்தை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பூஞ்சையைத் துடைத்தாள். ஒரு நாளைக்குக் கொஞ்ச தூரம்தான் போவாள். மூச்சு வாங்கும், நிறுத்திவிடுவாள். நான் செய்கிறேன் என்றேன். டேப்பை வெளியே எடுத்துத் துடைப்பதில் முகம் எதுவும் தெரியாதே என்று வாதிட்டேன். "தெரியாதுதான். ஆனா உங்க கை நடுங்கும்" என்றாள். அது உண்மை.

ஓட்டிய அன்று என்னை வெளியே கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டாள். நடுவில் நான் இருமினால்கூடக் கவனம் கலையுமாம். சத்தம் வந்தது. கல்யாணக் கூட்டத்தின் இரைச்சல், ஒரு குழந்தை அழுகை, பாத்திரம் உருளும் சத்தம். இரண்டு இடத்தில் எல்லாம் கரகரவென்று போய் அடங்கியது. திரும்ப வந்தது. பிறகு ஒரு பெண் குரல், அதிகாரமாக. "ஏன்டி, அந்தப் புள்ளைக்கு இன்னும் சோறு வைக்கலையா? நீ என்னத்தை எடுத்துக்கிட்டு நிக்கிற? கேமராவைக் கீழ போடுடி." தெருவில் வருடக்கணக்காகக் கேட்ட குரல்தான்.

உள்ளேயிருந்து பாஜிலா சொன்னாள். "வந்துட்டாக மச்சான். மூஞ்சி தெளிவா இருக்கு."

"நிறம்?"

"பச்சைச் சேலை. பச்சையாத்தான் தெரியுது."

உடனே துபாய்க்குப் போன் போட்டாள். "உங்க அம்மா எந்திரிச்சுட்டாக. பச்சைச் சேலை. வந்ததும் வராததுமா என்னைத் திட்டுறாக." அந்தப் பக்கம் சுபைதா அழுதது கட்டில் வரைக்கும் கேட்டது. "அழுகாத ஆத்தா, ஐஎஸ்டிக்குக் காசு ஓடுது" என்று பாஜிலா அதட்டினாள். போனை வைத்துவிட்டு அவளும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

டேப் முடிந்த பிறகு டிஸ்க்கில் ஒரு வேலை பாக்கி இருந்தது. பதிந்தது யாருடைய கல்யாணம் என்று ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிப் பெயர் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஃபைனலைஸ் என்று ஒன்றை அழுத்த வேண்டும். அதை அழுத்தினால்தான் மற்ற வீட்டு பிளேயர்களில் டிஸ்க் ஓடும். அழுத்தியபின் பெயரை மாற்ற முடியாது. அவள் பெயரை அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ரெஹானா வீட்டு ஜீப் ஹாரன் அடித்தது. ஓய்வெடுக்க ஒரு வாரம் கம்பத்தில் போய் இருப்பதாக பாஜிலா ஒப்புக்கொண்டிருந்தாள். "வந்து பாத்துக்கிறேன், யாரும் தொடாதீக" என்று சொல்லிவிட்டு ஏறினாள். யாரும் என்றால் அந்த வீட்டில் நான்தான். ஓய்வெடுத்த மூன்றாம் நாள் இறந்துபோனாள். ஓய்வு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் நான் முன்னமே சொல்லியிருந்தேன்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் ரெஹானாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கள் கேசட் பீரோவில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்கள். கேட்காவிட்டால்தான் பாஜிலா வருத்தப்பட்டிருப்பாள். ரெஹானா அக்காவின் சாவியை எடுத்து, மேலே எழுதியிருந்த பெயர்களைப் பார்த்து ஒவ்வொருவரிடமும் கொடுத்தாள். நான் ஆண்களோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஆளாளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு போனார்கள். ஜெய்த்தூன் மாமி மட்டும் கறுப்பு வெள்ளை டிஸ்க் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டார்.

நேற்று ரெஹானா கடைசியாக ரெக்கார்டரைப் போட்டுப் பார்த்தாள். சுபைதாவின் டிஸ்க் அதற்குள்ளேயே இருக்கிறது. நான் சமையலறையில் நின்றுகொண்டேன்.

"பேரு அக்கா அடிச்சுருக்கா மச்சான். எஸ், யு, பி, ஏ, ஐ. அம்புட்டுதான் இருக்கு. மிச்சத்தை நான் அடிச்சு முடிக்கவா?"

"இப்ப வேணாம்" என்றேன்.

கம்பம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டாள். சுபைதா பெருநாளைக்கு ஊருக்கு வருகிறாள். பெயர் ஐந்தாவது எழுத்தோடு நிற்கிறது. டிஸ்க் இன்னும் ஃபைனலைஸ் ஆகவில்லை.